கடல் விலகிப்போன பட்டணம்

ஏஜியன் கடலில் உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்குத் துருக்கியின் குஷாதாசி நன்கு தெரிந்த துறைமுகம். கப்பல் காலையில் கரை சேரும், மாலையில் புறப்பட்டுவிடும். இடையில் கிடைக்கிற சில மணி நேரத்தில் பலரும் போய்ப் பார்ப்பது, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபேசுவின் இடிபாடுகளை. கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வாலிபர் குழுவில் சில குடும்பங்கள் சேர்ந்து அங்கே போய்வந்தோம்.

பஸ் மேல்வாசலில் இறக்கிவிட்டது. அங்கிருந்து சரிவான கல்வீதி வழியாகக் கீழே நடக்க வேண்டும். பளிங்குக் கற்கள் தேய்ந்து வழுக்கும், நிழலும் குறைவு. போகிறவர்கள் நல்ல சப்பாத்து, தொப்பி, தண்ணீர் இவற்றை மறக்க வேண்டாம்.

வீதியின் கீழ்முனையில் செல்சு நூலகத்தின் இரண்டு மாடி முகப்பு நிற்கிறது. "பவுல் இங்கே வந்து வாசித்திருப்பாரா?" என்று எங்களில் ஒரு தம்பி கேட்டான். இல்லை. அவர் எபேசுவை விட்டுப் போய் அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் இது கட்டப்பட்டது.

ஆனால் அடுத்துள்ள அரங்கசாலை அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் வருவதே. சுமார் 25,000 பேர் உட்காரக்கூடிய இடம். எங்களோடு வந்த அன்ரி ஒருவர் படியில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை உரக்க வாசித்தார். தட்டான் தெமேத்திரியு தொழில் கெட்டுப்போகும் என்று கலகத்தை எழுப்பியதும், ஜனங்கள் இரண்டு மணி நேரம் தியானாளின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டதும், உள்ளே போகத் துணிந்த பவுலைச் சீஷர்கள் தடுத்ததும் அந்தப் படிகளில் இருந்து கேட்கும்போது மிகவும் கிட்டத்தில் நடந்தவைபோல இருந்தன.

அரங்கசாலைக்கு முன்னால் சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான அகன்ற வீதி ஒன்று போகிறது. அது துறைமுக வீதி. அந்த வீதியில் 50 விளக்குகள் எரிந்ததாக ஒரு பழைய கல்வெட்டு சொல்கிறது. அதன் முடிவில் கப்பல்களைத் தேடினால் புல்லும் நாணலுமே தெரிகின்றன. கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

காரணம் கைஸ்டர் ஆறு. மழைதோறும் அது கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தில் படிந்தது. பெர்கமுவின் அரசன் அத்தாலு ஆழம் கூடும் என்று எண்ணி வாய்ப்பகுதியை ஒடுக்கி அணை கட்டுவித்தான். வண்டல் வெளியே போக முடியாமல் இன்னும் அதிகமாகத் தங்கியது. பவுலுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு ரோம ஆளுநர் தூர்வாரினார். பிறகு அத்ரியன் பேரரசன் ஆற்றையே திருப்பிவிட முயன்றான். எதுவும் நிலைக்கவில்லை. துறைமுகம் மூடியது, வணிகம் போனது, ஜனங்களும் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் தியானாளின் கோயில் இருந்த இடத்தையும் பார்த்தோம். உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று அது. இன்று சதுப்பு நிலத்தில், உடைந்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண், அதன் உச்சியில் செங்கால் நாரையின் கூடு. அக்கோயிலின் சிற்பத் தூண்துண்டு ஒன்று நம் இலண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலேற முடியாதவர்கள் ஒரு சனிக்கிழமை அங்கே போகலாம்.

மீதி நேரம் குஷாதாசியில். 1618இல் கட்டிய கோட்டை போன்ற வணிகர் சத்திரம், கடலுக்குள் கல்பாதையால் இணைந்த புறாத் தீவு, சிறிய கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர். பழைய இத்தாலிய வணிகர்கள் இந்த ஊரைப் 'புதிய துறை' என்றே அழைத்தார்கள். பழைய துறை மண்மூடியதால்தான் இதற்கு அந்தப் பெயர்.

அன்று இரவு கப்பலின் மேல்தளத்தில் கூடி வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தை வாசித்தோம். எபேசு சபையின் கிரியைகளையும் பிரயாசத்தையும் பொறுமையையும் ஆண்டவர் மெச்சுகிறார். அந்தச் சபை ஓய்ந்து உட்காரவில்லை, கள்ளப் போதகத்துக்கு இடம்கொடுக்கவுமில்லை. குறைந்தது ஆதி அன்பு ஒன்றே. மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டு நீக்கப்படும் என்று அவர் எச்சரிக்கிறார்.

நம் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்தபோது வாடகை மண்டபங்களில் கூடி இந்தச் சபையைத் தொடங்கினார்கள். இன்று நமக்குப் பாடகர் குழு இருக்கிறது, விளையாட்டு விழா இருக்கிறது, ஆண்டு முழுவதும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒரு நாள் ஜெபம் தப்பினால் எதுவும் மாறாது. ஒரு மழையின் வண்டலால் எந்தத் துறைமுகமும் மூடவில்லை. ஆகையால் இந்த மாதக் கூடுகையில் ஒருவரையொருவர் இதைக் கேட்போம்: நம்மில் என்ன படிந்துகொண்டிருக்கிறது? அதை இன்றே வாரிப்போட யார் யாருக்குக் கைகொடுப்போம்?