கரை காக்கும் வேர்கள்

காவிரி கடலைச் சேரும் கடைமடையில் அமைந்தது காரைக்கால். குடகு மலையில் பிறந்த அவ்வாறு பல கிளைகளாய்ப் பிரிந்து, அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு என்னும் பெயர்களோடு இங்கு வந்து சேர்கின்றது. காவிரி நீரில் புதுச்சேரி மாநிலத்தின் பங்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007-இல் வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை உறுதி செய்தது. மேலிருந்து வரும் நீரின் அளவு நம் கையில் இல்லை. வந்த நீரைத் தாங்கும் கரையோ நம் கையில் உள்ளது. அக்கரையைச் செடி கொடிகளால் காப்பது எவ்வாறு என்பதையே இங்கு விளக்க விரும்புகின்றேன்.

முதலில், கரை ஏன் சரிகின்றது? வண்டல் மண் பயிருக்கு உகந்தது. ஆனால் எளிதில் கரைவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் கரையின் அடியை அரிக்கின்றது. வெள்ளம் விரைந்து வடியும்போது, கரைக்குள் ஊறிய நீர் மண்ணை வெளியே தள்ளுகின்றது. வெள்ளம் ஏறியபோது நின்ற கரை, இறங்கும்போது விழுவது இதனால்தான். அது வயற்பக்கம் உடைந்தால், கதிர் வரவேண்டிய நெல் நீரில் அழுகும்.

இதனைத் தடுக்கும் வேலையை வேர்கள் பகிர்ந்துகொள்கின்றன. நீரோரத்தில் நாணலும் கோரையும் நின்றால், அவற்றின் தண்டுகள் நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்கும். சரிவில் வெட்டிவேரை வரிசையாக நடவேண்டும். அதன் வேர் பத்தடி வரையில் நேர் கீழே இறங்கவல்லது. மணத்துக்காக அதனைத் தோண்டி எடுத்தால் கரையையே தோண்டியதாகும். அதன் அருகில் நொச்சியும், கரைமேல் புங்கு, மருது, பனை ஆகியனவும் பொருந்தும். உப்புநீர் ஏறும் முகத்துவாரத்திலோ இவற்றிற்கு இடமில்லை. அங்கே அலையாத்தியும் கண்டலும் வேண்டும். மருதமும் நெய்தலும் சந்திக்கும் நிலம் இது. ஆதலின் ஒரே ஆற்றின் கரையில் இரு திணைக்கும் உரிய மரங்களை நட நேர்கின்றது.

“நெய்வேலிக் காட்டாமணக்கும் பசுமையாகத்தானே வளர்கின்றது, அது போதாதா?” என்று மாணவர் கேட்கலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அச்செடி வாய்க்காலுக்குள்ளேயே பரவி நீரோட்டத்தை மறிக்கும். மறிக்கப்பட்ட நீர் எதிர்க்கரையை அரிக்கும். வெட்டிப் போட்ட தண்டும் மீண்டும் வேர்விடும். ஆகவே வேரோடு பிடுங்கி, நீர் எட்டாத இடத்தில் உலர்த்த வேண்டும்.

2019-இல் காரைக்கால் மாவட்ட நிர்வாகம் ‘நம் நீர்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மக்களின் துணையோடு 178 குளங்களைத் தூர்வாரியது. பாராட்டத்தக்க அம்முயற்சி நமக்கு ஒரு கடமையையும் விட்டுச் சென்றுள்ளது. தோண்டி எடுத்துக் கரையில் குவித்த மண் இளகிய மண். வேர் பிடிக்காவிடில், பெய்யும் மழை அதனை மீண்டும் குளத்திலேயே சேர்த்துவிடும். தூர்வாருதல் பணியின் முற்பாதி. நடுதலும் பேணுதலும் பிற்பாதி.

அதற்குக் காலமறிதல் வேண்டும். கார்த்திகை வெள்ளத்தில் நட்ட நாற்று வெள்ளத்தோடே போகும். ஆடி, ஆவணியில் நட்டு, மழை வரும்வரை நீர் வார்த்தால், வெள்ளத்துக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ளும். ஆட்டு மாடுகளிடமிருந்து காக்க முள்வேலி வேண்டும். பட்டுப்போன இடத்தில் மறு ஆண்டு மாற்று நாற்று வேண்டும்.

தொண்டர்கள் பெரும்பாலும் நடும் நாளில் திரளாக வருகின்றனர். நீர் வார்க்கும் நாளில் குறைந்து விடுகின்றனர். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இயங்குகின்றது. அதில் சேர்ந்துள்ள மாணவர்கள் ஊருக்கு ஊர் சென்று நூறு கரைகளில் நடுவதைவிட, தம் ஊர் வாய்க்காலில் நூறடிக் கரையை ஏற்று மூன்று ஆண்டுகள் பேணுவது மேல் என்பது என் கருத்து. ஒரு வகுப்பினர் படிப்பை முடித்துச் செல்லும்போது, அடுத்த வகுப்பினரை அழைத்துச் சென்று அந்த நூறடியை ஒப்படைத்துவிட்டுச் செல்லலாம்.