பஸ், ரயில் சேவை: ஆலோசனைக் குழுக்களில் உங்கள் குரல்

காலையில் ஆற்காடு பேருந்து நிலையத்தில் நின்றால், "டவுன் பஸ் போயிடுச்சா, இனிமேதான் வருமா?" என்ற கேள்வி காதில் விழும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளின் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஷிப்டுக்கான பஸ் தவறினால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு போகும். தாமதமானால் கூலியும் போகும். சலுகையின் பலன் முழுதாகக் கிடைக்க, பஸ் வேலை நேரத்துக்கு வர வேண்டும்.

அரசுப் பேருந்து பற்றிய தனிப்பட்ட புகாரை 149 என்ற எண்ணிலோ, முதல்வரின் உதவி மைய எண் 1100-லோ சொல்லலாம். "நேரத்தையே மாத்தணும், புதுசா பஸ் விடணும்" என்றால், பலர் சார்பாகப் பேசும் இடம் வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

1. மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு கவுன்சில்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமையும் ஆலோசனை அமைப்பு. ஆட்சியர் தலைவர். ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களாவது நடக்க வேண்டும். போக்குவரத்தும் இச்சட்டத்தில் ஒரு 'சேவை'தான். ஆற்காட்டுக்காரர்கள் ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகத்தையும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்தையும் அணுகலாம். அங்குள்ள மாவட்ட வழங்கல் அலுவலகத்தில் கூட்ட நாளைக் கேளுங்கள்.

2. பகுதி சபை: நகராட்சி, மாநகராட்சி வார்டுகளில் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கியது. நிழற்குடை, தெருவிளக்கு, பஸ் திரும்ப முடியாத சாலை போன்றவற்றை இங்கே எழுப்புங்கள்.

3. கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழு: காட்பாடி, வாலாஜா ரோடு, ஆம்பூர் நிலையங்கள் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தவை. கோட்ட மேலாளர் தலைமையிலான இக்குழுவில் பதிவு பெற்ற பயணிகள் சங்கம், வணிகர் சங்கம், நுகர்வோர் அமைப்பு ஆகியவற்றுக்கு இடம் உண்டு.

என்ன கொண்டு போவது?

ஆலோசனைக் குழு உத்தரவு போடாது, பரிந்துரைதான் செய்யும். ஆகவே ஆதாரம்தான் உங்கள் பலம். நியூயார்க்கில் 1981-ல் சட்டம் இயற்றி அமைத்த பயணிகள் ஆலோசனைக் குழுவுக்கும் ரயிலையோ பஸ்ஸையோ இயக்கும் அதிகாரம் இல்லை. பயணிகளின் அனுபவத்தை எடுத்துச் சொல்வதே அதன் வேலை.

- இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எந்த நிறுத்தம், பஸ் வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர்.
- ஷிப்டு தொடங்கும், முடியும் நேரங்களைச் சேருங்கள்.
- ஒரு மனுவில் ஒரே கோரிக்கை வையுங்கள்.
- பேசப் போகிறவர்களில் தினமும் அந்த பஸ்ஸில் போகும் ஒரு பெண்ணாவது இருக்கட்டும்.
- மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் "எங்க மனு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

"பஸ் சரியா வர்றதில்ல" என்பது புலம்பல். "இந்த நிறுத்தத்தில், இந்த நேரத்தில், தினமும் இத்தனை பேர் நிற்கிறோம்" என்பது கோரிக்கை. அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியது கோரிக்கைக்குத்தான்.