மும்பைத் தமிழ்ச் செய்தி நடையும் தாராவி வாசகரும்

மும்பை இதழியலில் தமிழர் பங்கு பழைமையானது. 'ஃபிரீ பிரஸ் ஜர்னல்' என்னும் ஆங்கில நாளிதழைத் தொடங்கிய எஸ். சதானந்த் தமிழரே. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய கல்வி கற்ற தமிழர் பலர் நகரச் செய்திகளுக்கு ஆங்கில இதழ்களை நாடினர். தமிழ்ச் செய்தித்தாளை நம்பிய வாசகர் தாராவியில் மிகுதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழியினர் அங்குப் பலராவர். எனினும், அவர்களுக்கான செய்தியும் சென்னை இதழ்களின் நடையிலேயே எழுதப்படுகிறது.

தாராவித் தமிழில் வீடு 'கோலி'. அதன் மேல்தளம் 'மாளா'. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிக் குடிசைவாசிகளுக்கு வழங்கப்பட்ட அட்டை 'போட்டோபாஸ்'. இதனைப் 'புகைப்பட அடையாள அட்டை' என எழுதினால் வாசகர் வாக்காளர் அட்டையை எண்ணிக்கொள்வது இயல்பு. சொல் தூய்மையாகிறது, பொருள் மாறிவிடுகிறது. 1942இல் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், எளியோர் பேசும் சொற்களுக்கு அணுக்கமாகச் செய்தி அமைய வேண்டும் என்று வலியுறுத்தியவர். அவரும் திருநெல்வேலிச் சீமையினரே. அவர் கொள்கையை மும்பையில் பின்பற்றுவதாயின் 'கோலி' என்றே எழுத வேண்டும்.

இவ்விடைவெளியின் விளைவு மறுசீரமைப்புத் திட்டச் செய்திகளில் கூர்மையாகப் புலப்படும். வீடுவீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 1-1-2000க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டினர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பின்னர் 1-1-2011க்குள் வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு வீடு. மேல்தளத்தார்க்கு வாடகை அடிப்படையில் வீடு என்பது விதி. ஆகவே ஒரே கூரையின் கீழ் வாழும் தந்தையும், மாளாவில் வாழும் மகனும் வெவ்வேறு வகையினர் ஆகின்றனர்.

அரசுப் பட்டியல் மராத்தியில் 'பாத்ர', 'அபாத்ர' எனப் பிரிக்கிறது. செய்தியாளர் பின்னதைத் 'தகுதியற்றோர்' என மொழிபெயர்ப்பதில் அகராதிப்படி பிழையில்லை. ('நன்றிக்குப் பாத்திரமானவர்' என்பதில் அதே வடசொல் தமிழிலும் வழங்குகிறது.) ஆனால் தமிழில் 'தகுதியற்றவர்' என்பது ஆளின் இழிவைச் சுட்டும், மராத்திப் பட்டியலில் அது குறித்த தேதிக்கு முந்தைய சான்று இல்லாமையை மட்டுமே சுட்டுகிறது. மேலும், 'தகுதியற்றோர்' என்று படித்தவர் தமக்கு ஏதும் கிடைக்காது என்று கருதி, ஆட்சேபணை மனுவும் அளிக்காமல் இருந்துவிடக்கூடும். 'இலவச வீடு பெறாதோர். வெளியே வீடு பெறுவோர். மேல்முறையீடு செய்யலாம்' என்று விரித்தெழுதத் தலைப்பில் இடம் போதாது என்பர். செய்தியின் முதற் பத்தியில் இடமுண்டு.

இளைய தலைமுறையினரிடம் நிலை வேறு. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பயின்றோர் மராத்தியும் கற்றவர்கள். அவர்களால் மூலப் பட்டியலையே படிக்க இயலும். இங்ஙனம், தாத்தாவின் செய்தித்தாளில் விளங்காத சொல்லுக்குப் பேரன் அரசின் மராத்தி அறிவிப்பைப் பார்த்துப் பொருள் சொல்கிறான்.