கல்யாண கேசட்டைக் காப்பாற்றுவது எப்படி?

பீரோவின் மேல்தட்டில் ஒரு வீடியோ கேசட். அதில் அப்பா-அம்மாவின் கல்யாணம். மணமக்களுக்கு அட்சதை போடும் பாட்டி இன்று உயிரோடு இல்லை. அவர் நடப்பதையும், சிரிப்பதையும் அந்த நாடாவில்தான் பார்க்க முடியும்.

நாள் ஆக ஆக நாடா கெடும். கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் கம்பெனியும் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. எனவே, படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவதே நல்லது. அதற்கு "வீடியோ கேப்சர்" என்ற சிறு கருவி உண்டு.

திரையில் இருட்டு!

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறியதும் சில பழைய கருவிகள் வேலை செய்வதில்லை. திரையில் ஒரே இருட்டு! ஏன்?

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள முள்ளுக்குறிச்சி மக்களுக்கு இது எளிதில் புரியும். காரவள்ளியில் இருந்து மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? பாதை தெரிந்த டிரைவர் வேண்டாமா?

கம்ப்யூட்டரிலும் "டிரைவர்" உண்டு. கருவியை ஓட்டும் சிறு புரோகிராம்தான் அது. விண்டோஸ் 11, 64-பிட் முறையில் மட்டுமே இயங்கும். பழைய 32-பிட் டிரைவருக்கு அங்கே வேலை இல்லை. கருவி பழுதாகவில்லை, டிரைவர்தான் பொருந்தவில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் செட்டிங்ஸில் "பிரைவசி" பகுதிக்குப் போய், கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுங்கள். சில சமயம் இதுவே போதும்.

அடுத்து, "டிவைஸ் மேனேஜர்" பாருங்கள். கருவியின் பெயர் அருகே மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவரில் கோளாறு. கருவியைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். முன்பின் தெரியாத இடத்தில் இருந்து எடுக்காதீர்கள். வைரஸ் வரலாம்.

புதிய டிரைவர் இல்லையா? விண்டோஸ் மாறி 10 நாட்களுக்குள் என்றால், பொதுவாகப் பழையதற்கே திரும்பலாம். அல்லது வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, படத்தை மாற்றிக் கொள்ளலாம்.

படம் வந்ததும் இரண்டு பிரதிகள் எடுத்து, தனித்தனி இடங்களில் வையுங்கள். பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். பாட்டியைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும்!