“ஒடம்புதான் டாக்டர் முடியல”

“இன்னா பண்ணுதுன்னு சொல்லத் தெரியல டாக்டர். ஒடம்பே அடிச்சிப் போட்ட மாதிரி இருக்குது.”

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை வரிசையில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. சொல்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தொட்ட பெண். பிடரி வலி, உள்ளங்கால் எரிச்சல், நெஞ்சில் படபடப்பு, வயிற்றிலிருந்து ஏதோ உருண்டு தொண்டைக்கு வருவது, ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே இல்லை. பிரஷர் சரியாக இருக்கிறது, சுகர் சரியாக இருக்கிறது, ஈ.சி.ஜி.யிலும் கோளாறு இல்லை. வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, மஞ்சள் நிறச் சத்து மாத்திரை என ஒரு பொட்டலம். “ஒரு ஊசி போட்டு வுடுங்க” என்று கேட்டால் அதுவும் கிடைக்கும். பிறகு தனியார் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ். அடுத்த மாதம் அதே முகம் அதே வரிசையில்.

அவர் பொய் சொல்லவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் மருத்துவமனைக்காரர்களும் வீட்டுக்காரர்களும்தான். பயமோ கவலையோ மாதக்கணக்கில் நீடித்தால், ஆபத்துக்கென்று உடம்பு சுரக்கும் அட்ரினலினும் கார்டிசோலும் ஓய்வதில்லை. தோள் தசை இறுகியே கிடக்கும். குடல் தன் போக்கில் முறுக்கிக்கொள்ளும். இதயம் காரணமில்லாமல் ஓடும். ஆகவே அந்த வலி நிஜ வலி. ஸ்கேனில் தெரியாத வலி என்பதால் இல்லாத வலி ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியல், ‘பரிசோதனையில் காரணம் அகப்படவில்லை’ என்ற பழைய அளவுகோலையே கைவிட்டு, உடம்பு படுத்தும் பாட்டையும் அதிலேயே சுற்றும் நினைப்பையும் வைத்து இந்தக் கோளாறை அடையாளம் காண்கிறது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். குழு லோனுக்கு இந்த வாரத் தவணை கட்டியாக வேண்டும். மகள் ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் நைட் ஷிப்ட். விடியும்வரை கம்பெனி பஸ்ஸின் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடக்க வேண்டும். வீட்டுக்காரர் டாஸ்மாக்கில். இதையெல்லாம் டாக்டரிடம் யார் சொல்வார்கள்? டாக்டருக்கு ஓர் ஆளுக்கு இரண்டு நிமிஷம். பின்னால் நிற்பவர்கள் அதே தெருக்காரர்கள்.

மனசு சரியில்லை என்று சொல்வதற்கு இங்கே ஒரு விலை உண்டு. மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒரு வார்த்தை போதும், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். மனநல மருத்துவர் ஆர்.ரகுராம் குழுவினர் பெங்களூரில் மனச்சோர்வு நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1996-ல் வெளியானது. துக்கம், வெறுமை என்று மன அறிகுறிகளைச் சொன்னவர்கள் அவமான உணர்வை அதிகம் சுமந்தார்கள். உடம்பு வலியைச் சொன்னவர்களிடம் அது குறைவு. முதுகு வலி எல்லோருக்கும் வருவது, யாரும் கேலி பேச மாட்டார்கள். உத்திரமேரூர்ப் பெண் இந்தக் கணக்கை ஆய்வு படித்தா போட வேண்டும்? என் கட்சி இதுதான்: கிராமத்து ஜனங்கள் மனசைத் திறப்பதில்லை என்று நகரத்தில் சொல்வது தப்பு. அவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள், உடம்பை வைத்து. கேட்கிறவர்கள் வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

“ராத்திரி தூங்குறியாம்மா? சோறு ருசிக்குதா? முன்ன பிடிச்சது எதுவும் இப்ப பிடிக்குதா?” இரண்டு வாரத்துக்கு மேல் மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் மனச்சோர்வைச் சந்தேகிக்கலாம். இதைக் கேட்க மனநல மருத்துவர் வேண்டியதில்லை, நர்ஸ் போதும். மாத்திரை தொடங்கினாலும் இன்னொரு சிக்கல். வலி மாத்திரை அரை மணியில் கேட்கும். மனச்சோர்வு மாத்திரை கேட்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், ‘ஒரு வாரம் போட்டேன், ஒண்ணும் கேக்கல’ என்று பொட்டலம் பரணுக்குப் போய்விடும்.

உடம்பு சொல்லாததைச் சாமி சொல்லும். காஞ்சிபுரம் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து கட்டி, படுகளத்தன்று துரியோதனனின் மண்ணுருவம் கிடக்கையில் கூட்டத்தில் நாலைந்து பெண்களுக்கு அருள் வரும். அது நோயில்லை. ஊர் ஏற்றுக்கொண்ட இடத்தில், நேரத்தில் வந்து, கற்பூரம் காட்டியதும் இறங்கிவிடுகிறது. அழைக்காமல், அடுப்படியிலும் வகுப்பறையிலும் வந்து, வந்தவரையே வதைத்து, வேலையைக் கெடுத்தால்தான் அதைக் கோளாறு என்பார்கள்.

இன்னொரு முகம், இளம்பெண்களுக்கு வரும் ‘இழுப்பு’. கல்யாணப் பேச்சு எடுத்த வாரம், பரீட்சைக்கு முந்தின நாள், வீட்டில் வெளியே சொல்ல முடியாத ஏதோ நடந்த பிறகு. கை கால் வெட்டும், கண் இறுக மூடியிருக்கும், நீண்ட நேரம் நீடிக்கும். யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்புக்கு எந்த வலிப்பும் நிற்பதில்லை. தானாக நிற்கும் நேரத்தில் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. மூளை வலிப்பா, மனம் தாங்க முடியாததை உடம்பு தனியே கழற்றிவிடும் வலிப்பா என்று மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும், சிலருக்கு இரண்டும் இருக்கும். ஆனால் பரிசோதனை தெளிவாக இருந்ததும், ஆஸ்பத்திரி வராந்தாவில் ‘நடிக்கிறா’ என்று ஒரு வார்த்தை விழுகிறதே, அதைவிடக் கெடுதல் செய்யும் மருந்தை நான் பார்த்ததில்லை. அவள் அதை வேண்டுமென்று செய்யவில்லை. நடிப்பு என்று சொன்ன பிறகு, நிஜக் காரணத்தை அவள் வாயிலிருந்து எடுக்கவே முடியாது.

இந்தப் பெண்ணைக் குடும்பம் முதலில் கூட்டிப்போவது கோயிலுக்குத்தான். அதற்காகப் பூசாரியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே ரகுராம் குழு, தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளை அளந்து பார்த்து 2002-ல் எழுதியது. மருந்தோ சடங்கோ பெரிதாக இல்லை, அடிக்கவில்லை, கட்டவில்லை, குடும்பத்தோடு தங்கி, சின்ன வேலைகள் செய்தார்கள். அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. இதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எந்த உருவிலும் கூடாது என்கிறது. விபூதியோடு மாத்திரையும் போகட்டும்.

தற்கொலைச் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். ‘தீராத வயிற்று வலி’ என்று அதில் ஒரு வரி அடிக்கடி வரும். கடைசியிலும் உடம்பே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சில நேரம் அது உண்மை. பல நேரம், கேஸ் வேண்டாம், கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகவில்லையே ஆர்.டி.ஓ. விசாரணை வேண்டாம் என்று குடும்பம் தேடிக்கொள்ளும் வார்த்தை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை ஒவ்வொரு மரணத்தையும் வீடு வீடாக விசாரித்தபோது, ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 தற்கொலைகள் என்று தெரிந்தது. இளம்வயதினரில் பையன்களைவிடப் பெண்கள் இரண்டு மடங்குக்கு மேல். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்குத் தமிழகம் முழுமைக்கும் தருவது மொத்தம் 19,834 தற்கொலைகள். அது பதிவானவை மட்டும்.

தற்கொலை எண்ணம் வந்தவர் எல்லோரும் சாவதென்று தீர்மானித்தவர்கள் இல்லை. பலருக்கு அது சில நிமிஷங்களின், சில மணி நேரங்களின் கொந்தளிப்பு. அந்த நேரத்தில் ஆபத்தானது கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தங்கும். இலங்கை விஷம் கூடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-ல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை, இருபது ஆண்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்தது. விவசாயிகள் முகம் சுளிக்காமல் பயன்படுத்தினார்கள். உத்திரமேரூர் ஏரிப் பாசனத்து ஊர்களில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிற இடத்தில் இதைச் செய்ய என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய 309-வது பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்தால் மட்டும் குற்றம். இது டீக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை. ‘போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்று இன்னமும் பிழைத்தவரை அவசரமாக வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள்.

வீட்டுக்குப் போன பிறகுதான் ஆபத்து அதிகம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்பட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு, அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். முதல் குழுவில் 2.2 சதவீதம் பேர் பிறகு தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாவதில் 0.2 சதவீதம்.

“செத்துடலாம்னு தோணுதாம்மா?” என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், கேட்டால் பாரம் இறங்குகிறது என்பதுதான் அனுபவம். ‘ஆமா’ என்று பதில் வந்தால் தனியே விடக்கூடாது, பூச்சிமருந்து, மாத்திரை எதுவும் கைக்கெட்டக் கூடாது, 14416-க்குப் போன் போடலாம். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. சினேகாவின் எண் 044-24640050.

ஒன்பது முறை விசாரிக்க ஆள் எங்கே என்று கேட்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரும் தன்னார்வலர்கள் 2021 முதல் இருக்கிறார்கள். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்த பெண்கள். அவர்கள் கையிலிருக்கும் நோட்டில் இப்போது பிரஷருக்கும் சுகருக்கும் இடம் இருக்கிறது. இன்னொரு கட்டம் போட ஒரு ஸ்கேலும், அதற்கான பயிற்சியும், கூடுதல் சம்பளமும் தேவை. மூன்றில் முதலாவது மட்டும்தான் மலிவு.