தூண்டிற் கலை

கொல்லிமலையின்மேல் ஐயாறு என்னும் சிற்றாறு ஓடுகின்றது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைமேற் செல்வோர், இவ்வாற்றின் அருகே அறப்பளீசுரர் கோயிலைக் காண்பர். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இப்பெருமானை விளித்துப் பாடப்பெற்ற நூலாகும். முன்னொரு காலத்தில் ஒருவர் இவ்வாற்றில் மீன் பிடித்து அறுத்துக் குழம்பிலிட, அறுபட்ட துண்டங்கள் மீண்டும் பொருந்தி, மீன்கள் உயிர்பெற்றுத் துள்ளி ஆற்றிற் பாய்ந்தன என்று தலவரலாறு கூறும். அதனால் கோயிலையடுத்த நீரில் எவரும் மீன் பிடிப்பதில்லை. வழிபட வருவோர் மீன்களுக்கு இரையிட்டு மகிழ்வர். கதையை நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. அம்மீன்கள் தூண்டிலும் வலையும் அறியாமல் வாழ்வது அவ்வழக்கத்தின் பயனே.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடக் கற்க விரும்புவோன் முதற்கண் செல்லத்தக்க இடம் இதுவே. ஆனால், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லவேண்டும். மீன்பிடிக்கக் கூடாத இடத்தில் மீன்பிடிப்பதை எவ்வாறு கற்பது என்று வினவலாம். மீனின் இயல்பை அறிவதே இக்கலையில் முதற்பாடம்; அதனை அறிய அஞ்சாத மீனைக் காண்பதினும் சிறந்த வழி இல்லை. ஓடும் நீரில் மீன் பெரும்பாலும் நீர் வரும் திசையை நோக்கியே தலைவைத்து நிற்கும். நீரோட்டம் இரையைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது அதற்கு ஒரு காரணம். விரைந்தோடும் நீர் நடுவே நின்று வலிமையை வீணாக்காமல், பாறையின் பின்புறம் ஓட்டம் தணிந்த இடத்தில் ஒதுங்கி நின்று, இரை வரும்போது மட்டும் முன்பாய்ந்து கவ்வி மீளும். இவ்விரண்டையும் கண்ணாற் கண்டவன், எந்த ஆற்றிலும் மீன் நிற்குமிடத்தை ஓரளவு உய்த்துணர்வான்.

இங்கு மனிதரின் நிழல் நீரில் விழுந்தால், இரை வருமென்று மீன்கள் கூடும். பிற நீர்நிலைகளிலோ அதே நிழல் கண்டு சிதறியோடும். இவ்வச்சத்தை நம் முன்னோர் நுணுகி நோக்கியுள்ளனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மீன்பிடிக்கும் பாண்மகன் ஒருவன் வருகின்றான். இரைக்குரிய பச்சை ஊன் இட்ட தோற்பையைத் தோளில் தொங்கவிட்டிருக்கின்றான். நீண்ட மூங்கிற்கோலில் கயிறு கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரையைப் பொதிந்து நீரில் இடுகின்றான். வாளைமீன் ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு முள்ளில் அகப்படாமல் தப்பிவிடுகின்றது. தப்பிய அம்மீன், பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டாலும் தூண்டிற்கோலோ என்று வெருவுகின்றதாம். கோல், கயிறு, முள், இரை என்னும் கருவிகள் நான்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அமைந்திருந்தன என்பது இதனாற் புலனாகும். இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பார் 1653-ஆம் ஆண்டில் வெளியிட்ட தூண்டில் நூல் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஒருமுறை ஏமாந்த மீன் மறுமுறை எளிதில் ஏமாறாது என்பதனை நம் புலவர் பாடிவிட்டார்.

மீன் நிழலைக் காண்பதேயன்றி, கரையில் நிற்பவனையும் காணும். நீருக்குள் புகும் ஒளி வளைவதால், மீனுக்குப் புறவுலகம் முழுவதும் தலைக்குமேல் ஒரு வட்டப் பலகணி வழியே தெரிகின்றது. நிமிர்ந்து நிற்பவன் அப்பலகணியுள் நன்கு தோன்றுவான். குனிந்து அல்லது அமர்ந்து இருப்பவன் அதன் விளிம்பில் ஒடுங்கிவிடுவான். மேலும், மீனின் உடலில் பக்கவாட்டில் ஓடும் ஒரு கோடு நீரின் சிற்றதிர்ச்சியையும் உணரவல்லது. ஆதலின் கரையில் காலை ஓங்கி மிதித்தல் ஆகாது. ஞாயிறு முதுகுப்புறம் இருந்தால் நிழல் முன்னே நீரில் விழும். அவ்வாறு விழாத பக்கம் தேர்ந்து அமர்தல் வேண்டும்.

கருவிகளுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எட்டு அல்லது பத்தடி நீளமுள்ள, நுனி மெலிந்து வளையும் மூங்கிற்கோல் ஒன்று போதும். கோலின் நீளத்திற்கு ஒப்பத் தங்கூசி எனப்படும் நைலான் நரம்பைக் கட்டி, அதன் முனையில் சிறு முள்ளைப் பிணைக்கவேண்டும். முள்ளுக்குச் சற்று மேலே ஒரு சிறு ஈயக்குண்டும், அதற்கு மேலே தக்கையும் அமையும். மயிலிறகின் தண்டு தக்கைக்கு மிக ஏற்றது. மெல்லிய கடிக்கும் அசையும். இரை அடிமண்ணில் புதையாமல் அதனையொட்டித் தொங்குமாறு தக்கையை ஏற்றியும் இறக்கியும் சரிசெய்தல் வேண்டும். தொடக்கத்தில் மீன் அகப்படாமைக்குப் பெரும்பாலும் இந்த ஆழம் பொருந்தாமையே காரணமாகும். பெரிய முள் பெரிய மீனைத் தரும் என்று எண்ணுவதும் பிழை. சிறு வாயுள்ள கெண்டை பெருமுள்ளின் இரையைக் கொறித்துத் தின்றுவிட்டு அகன்றுவிடும்.

பழகுவதற்கு ஆற்றினும் ஏரியும் குளமும் சிறந்தவை. அவற்றில் மீன்பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்குமாதலின், உரியவரின் இசைவு பெற்றே தூண்டிலிடல் முறை. மோகனூர் போன்ற இடங்களில் காவிரிக்கரையில் அமர்வோர் வேறொன்றையும் கருதவேண்டும். 1934-ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டால், ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்து ஓட்டமும் கடுமையாகும். பெரியோர் துணையின்றிச் சிறுவர் ஆற்றிற்குச் செல்லுதல் கூடாது.

இரையிட்டபின் தக்கையை நோக்கியிருத்தலே வேலை. கெண்டை கொறிக்கும்போது தக்கை நடுங்கும். அப்போது இழுத்தால் வெறும் முள்ளே வரும். தக்கை ஒருபுறமாகச் சாய்ந்து நகரும்போதோ, நீருள் அமிழும்போதோ மணிக்கட்டால் சிறிது சுண்டினாற் போதும். முழுவலிமையோடு வெட்டி இழுத்து மரக்கிளையில் நரம்பைச் சிக்கவைப்பது புதியோர் பலர்க்கும் உள்ள வழக்கம்! கெளுத்தி அகப்பட்டால் அதன் முதுகிலும் இருபுறத் துடுப்புகளிலும் உள்ள முட்கள் குத்தாதவாறு பிடித்தல் வேண்டும். அக்குத்து மிகவும் கடுக்கும்.

புதியோர்க்கு ஏற்ற மீன், மக்கள் சிலேபிக் கெண்டை என்று வழங்கும் திலாப்பியாவே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பெற்றது. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதனாற் பெருகி, நம் நாட்டு மீன்களுக்குரிய இடத்தையும் இரையையும் கவர்ந்துகொண்டது. மண்புழுவிற்கும் பிசைந்த மாவிற்கும் எளிதில் வரும். இதனை எத்துணைப் பிடிப்பினும் குளத்திற்குக் கேடில்லை.

காவிரிப்படுகைக்கே உரிய திமில் மாசீரின் நிலை வேறு. கபினியாற்றில் 1946-ஆம் ஆண்டில் 120 பவுண்டு எடையுள்ள மாசீர் ஒன்று தூண்டிலில் பிடிக்கப்பட்டது. அத்தகைய பெருமீன் இனத்தை 2018-ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களுள் ஒன்றாக அறிவித்தது. வெடிமருந்தும் நஞ்சும் இட்டு மீனைக் கொல்வதை 1897-ஆம் ஆண்டின் சட்டமே குற்றமாக்கியிருந்தும், ஆறுகளில் அக்கொடுமை நடந்தே வந்துள்ளது. இத்தகைய மீனோ, வளராத சிறுமீனோ தூண்டிலில் வந்தால், கையை நனைத்துக்கொண்டு முள்ளை மெல்ல அகற்றி உடனே நீரில் விடவேண்டும். உலர்ந்த கைபட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும்.

விராலைப் பிடிப்போர் பருவம் அறிந்து பிடிப்பர். விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீரின் மேற்பரப்பில் மொய்த்துத் திரியும். தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் புரியும். குஞ்சுகளை அணுகும் எதனையும் அவை சீறித் தாக்குமாதலின், அவ்வேளையில் அவற்றைப் பிடித்தல் மிக எளிது. பிடித்தால், காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். செந்நிறக் கூட்டத்தைக் கண்ட தூண்டிற்காரன் நரம்பைச் சுருட்டிக்கொண்டு குளத்தின் மறுகரைக்குச் செல்வான்.