தூய்மையில் பிறக்கும் உண்மை

2020ஆம் ஆண்டை நம் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் ஓசையின்றி நின்றன. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சென்றார்கள். "இருக்கிறது" அல்லது "இல்லை" என்று ஒரு சொல்லில் முடிவு வந்தது. அப்பா வேலைக்குப் போகலாமா, பாட்டியின் அருகில் பேத்தி அமரலாமா என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லே தீர்மானித்தது. அது எப்படிக் கிடைத்தது?

உயிர்கள் அனைத்தின் அணுக்களிலும் உட்கரு அமிலம் என்னும் பொருள் உண்டு. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என அது இருவகைப்படும். பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு வருவது டி.என்.ஏ.யால். கொரோனாக் கிருமியிடம் இருப்பதோ ஆர்.என்.ஏ. ஆகவே நோயைக் கண்டறிய அதை முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

இதன் அடிப்படையை நம் வீட்டுச் சமையலறையிலேயே காணலாம். பாதி வாழைப்பழத்தை நன்றாக மசியுங்கள். அரை டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை உப்பும், பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் ஒரு தேக்கரண்டியும் கலந்து அதனுடன் சேர்த்து, மெல்லக் கிளறி, துணியில் வடிகட்டுங்கள். குளிரூட்டிய ஸ்பிரிட்டை வடிநீரின் மேல் ஓரமாக ஊற்றுங்கள். (பெரியவர் துணையுடன், அடுப்புக்கு அப்பால் செய்க.) சற்று நேரத்தில் வெண்ணிற நூல்கள் மிதக்கும். சோப்பு, அணுவின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கிறது. உப்பு, டி.என்.ஏ. இழைகள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தைத் தணிக்கிறது. ஸ்பிரிட்டில் டி.என்.ஏ. கரையாது, ஆகவே திரண்டு வருகிறது.

ஆனால் அந்த நூல் தூய டி.என்.ஏ. அன்று. புரதமும் பழச் சத்தும் அதில் ஒட்டியிருக்கும். எடுப்பது எளிது, தூய்மையாக்குவதே அரிது!

1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பிரெடரிக் மீஷர் என்ற இளைஞர், மருத்துவமனையில் கழித்த கட்டுத்துணிகளின் சீழிலிருந்து இப்பொருளை முதன்முதலாகப் பிரித்தார். புரதத்தை அகற்றப் பன்றியின் இரைப்பைச் சாற்றைப் பயன்படுத்தினார். அவருடைய ஆசிரியர் ஹோப்பே சைலர் உடனே நம்பிவிடவில்லை. சோதனைகளைத் தாமே திரும்பச் செய்து பார்த்த பின்னரே 1871இல் அக்கட்டுரையை வெளியிட்டார்.

அதே பொறுமைதான் 2020இல் நம் சென்னை கிண்டியிலும் தேவைப்பட்டது. 1899இல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் கொரோனா மாதிரிகளைச் சோதித்த இடங்களில் ஒன்று. இத்தகைய சோதனையில், கடும் உப்புக் கரைசல் கிருமியின் உறையை உடைக்கிறது. வெளிவரும் ஆர்.என்.ஏ. நுண்ணிய சிலிக்காவில் ஒட்டிக்கொள்கிறது. சிலிக்கா என்பது மணலில் உள்ள பொருளே. ஆல்கஹால் கலந்த நீர் அழுக்கைக் கழுவுகிறது. கடைசியில் தூய நீர் ஆர்.என்.ஏ.வை விடுவிக்கிறது. அதை டி.என்.ஏ.வாக மாற்றிப் பன்மடங்கு பெருக்கிக் காண்பதே பி.சி.ஆர். சோதனை.

இங்கே சிறு கவனக்குறைவும் பெருந்தீங்காகும். ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி நம் விரல்களிலேயே இருக்கிறது; ஆகவே கையுறை கட்டாயம். கழுவிய ஆல்கஹால் எஞ்சினால் பெருக்கம் தடைப்பட்டு, நோயுள்ளவருக்கு "இல்லை" என வரலாம். ஒருவர் மாதிரியின் துளி மற்றொன்றில் தெறித்தால், நோயற்றவர் வீணே தனிமைப்படுவார். இதைக் கண்டுகொள்ளவே, மாதிரி சேர்க்காத ஒரு குழாயையும் உடன் வைத்துச் சோதிப்பார்கள். அதிலும் கிருமி தென்பட்டால் எங்கோ பிழை. முடிவை வெளியிடாமல் மீண்டும் செய்ய வேண்டும்.

தோழியரே! குழாயைக் கழுவும் வேலை சிறியதென்று எண்ணாதீர்கள். முகம் அறியாத ஒருவரின் பாட்டிக்காக, யாரும் பாராத இடத்திலும் ஒழுங்காகச் செய்யும் அவ்வேலையும் பிறரன்புப் பணியே. நம் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பழக்கத்தை இன்றே தொடங்குவோமாக!